இந்தத் தடவ யாரு நிக்காவ?



தேர்தல் கமிஷன் தேதி அறிவிப்பதற்கு ஆறு மாதம் முன்னாலேயே நம்மூரில் தேர்தல் ஆரம்பித்துவிடும். வண்ணாரப்பேட்டை டீக்கடையிலோ, டவுன் ரதவீதியில் ஒரு சலூனிலோ, பாபநாசம் பஸ்ஸின் கடைசி சீட்டிலோ யாராவது ஒரு அண்ணாச்சி மெதுவாகத் திரியைக் கொளுத்துவார்.

"என்னவே, இந்தத் தடவ யாரு நிக்காவ?"

"பழைய ஆளுக்குத்தான் சீட்டாம். மெட்ராஸ்ல இருந்தே சொல்லியாச்சாம்."

"போவே, உமக்கு யாரு சொன்னா? கூட்டணிக்கு விட்டுக் குடுக்கப் போறாவ. வேணும்னா பாரும்."

அப்புறம் பஸ் பாபநாசம் போய்ச் சேரும் வரைக்கும் இதே பேச்சுதான். நாம் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறோம். வெட்டிப்பேச்சு என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஓட்டுப்போடும் நாளில் மெஷினில் இருக்கும் பெயர்களில் ஒன்றைத்தான் நாம் அமுக்க முடியும். அந்தப் பெயர்கள் அங்கே வந்து உட்கார்ந்தது எப்படி? அது முடிவாகிற காலம் இந்த வெட்டிப்பேச்சுக் காலம்தான். வினாத்தாள் தயாராகும்போது தூங்கிவிட்டு, பரீட்சை ஹாலில் 'அவுட் ஆஃப் சிலபஸ்' என்று கத்துவதில் பிரயோஜனமில்லை.

அமெரிக்காவில் இந்த வேலையைக் கொஞ்சம் வெளிப்படையாகச் செய்கிறார்கள். அங்கே நெப்ராஸ்காவைத் தவிர மற்ற 49 மாநிலங்களிலும் சட்டசபைக்கு இரண்டு அவைகள். மேலவைக்கு செனட் என்று பெயர். செனட்டர் பதவியில் இருக்கிறவரை எதிர்த்து யார் நிற்பார்கள் என்று அவர்களும் நம்ம அண்ணாச்சிகள் மாதிரியே மாதக்கணக்கில் ஜோசியம் பார்ப்பார்கள். ஆனால் கட்சி வேட்பாளர் யார் என்பதற்கே பிரைமரி என்று ஒரு முன்தேர்தல் நடக்கும். அதில் மக்கள் ஓட்டுப்போடுவார்கள். நம்மிடம் அது கிடையாது. இங்கே பட்டியல் மேலே இருந்து வரும்.

நமக்கும் ஒரு மேலவை இருந்தது. 1986 நவம்பர் 1-ஆம் தேதியோடு அதைக் கலைத்துவிட்டார்கள். 2010-ல் மறுபடி கொண்டுவரச் சட்டசபையில் தீர்மானம் போட்டு, பார்லிமெண்டிலும் சட்டம் நிறைவேறியது. 2011-ல் ஆட்சி மாறியதும் அந்த முயற்சி நின்றுவிட்டது. அந்த மேலவையில் பட்டதாரிகளுக்கென்று தனித் தொகுதி உண்டு. பட்டமோ அதற்குச் சமமென்று சட்டம் சொல்லும் படிப்போ முடித்து மூன்று வருஷம் ஆனவருக்குத்தான் அதில் ஓட்டு. நம்ம டிப்ளமா அதில் சேருமா சேராதா என்று சண்டை போடலாமென்றால் சண்டை போட மேலவையே இல்லை! திருநெல்வேலிக்கும் மேலவைக்கும் இன்னொரு சம்பந்தம் உண்டு. 1977 முதல் மேலவை உறுப்பினராகவே இருந்து மந்திரியாகவும் இருந்த ஆர்.எம். வீரப்பன், 1986-ல் சட்டசபைக்கு இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது நம்ம திருநெல்வேலித் தொகுதியில்தான்.

ஆகவே இன்று நமக்கு எஞ்சியிருப்பது சட்டசபைத் தொகுதிதான். 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகப் போனபிறகு நம் மாவட்டத்தில் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் என்று ஐந்து தொகுதிகள். இவற்றின் பழைய கணக்கைப் புரட்டினால், டீக்கடைப் பேச்சில் எது சரக்கு, எது காற்று என்று ஓரளவு பிரித்துவிடலாம்.

முதலில் நாம் கேட்க வேண்டிய கேள்வி 'யார்' என்பதல்ல, 'எந்தக் கட்சி' என்பது. இங்கேதான் பாதி ஜோசியம் கவிழும். 2019 பார்லிமெண்ட் தேர்தலில் திருநெல்வேலியில் தி.மு.க.வின் ஞானதிரவியம் சுமார் 1,85,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவ்வளவு பெரிய வெற்றி பெற்ற தொகுதியை எந்தக் கட்சியாவது விடுமா? விட்டது. 2024-ல் கூட்டணிப் பங்கீட்டில் அது காங்கிரசுக்குப் போனது. அதே மாதிரி, அ.தி.மு.க. பலதடவை ஜெயித்த திருநெல்வேலிச் சட்டசபைத் தொகுதி 2021-ல் பா.ஜ.க.வுக்குப் போனது. இரண்டு தடவையும் சொந்தக் கட்சிச் சீட்டை நம்பி வருஷக்கணக்கில் கல்யாண வீடு, காதுகுத்து, துஷ்டி வீடு என்று அலைந்தவர்கள் ஒரே ராத்திரியில் வேறு சின்னத்துக்கு ஓட்டுக் கேட்கவேண்டியவர்கள் ஆனார்கள். பங்கீட்டில் கையெழுத்தாகும் வரை எந்தப் பெயரைச் சொன்னாலும் அது அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டுகிற கதை. சிவில்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

2024-ஐயே இன்னும் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் அது ஒரு நல்ல பாடம். மனுத் தாக்கல் மார்ச் 20-ல் ஆரம்பம், 27-ல் கடைசி. காங்கிரசுக்கு என்று தெரிந்தபிறகும் ஆள் யாரென்று தெரியவில்லை. 2009-ல் ஜெயித்த ராமசுப்பு, பீட்டர் அல்போன்ஸ் என்று பழகிய பெயர்கள் பேச்சில் அடிபட்டன. கடைசி நாளுக்கு ஓரிரு நாள் முன்பு வந்த பெயர் ராபர்ட் புரூஸ், கன்னியாகுமரி மாவட்டத்து வக்கீல். டீக்கடையில் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அந்தப் பக்கம் அ.தி.மு.க. முதலில் அறிவித்தது சிம்லா முத்துச்சோழனை. 2016-ல் ஆர்.கே. நகரில் ஜெயலலிதாவை எதிர்த்து தி.மு.க. சார்பில் நின்றவர் அவர். கட்சி மாறி வந்த சூட்டோடு சீட்டு. சில நாளிலேயே அவரை மாற்றித் திசையன்விளை பேரூராட்சித் தலைவர் ஜான்சி ராணியை அறிவித்தார்கள். மூன்று பெரிய அணியில், முன்கூட்டியே எல்லோரும் சரியாகச் சொன்ன ஒரே பெயர் பா.ஜ.க.வின் நயினார் நாகேந்திரன். முடிவு: ராபர்ட் புரூஸ் 5,02,296, நயினார் நாகேந்திரன் 3,36,676. வித்தியாசம் 1,65,620. ஆள் யாரென்று ஊருக்கே தெரியாதிருந்தவர் ஜெயித்தார். எல்லோருக்கும் தெரிந்தவர் தோற்றார். பார்லிமெண்ட் தேர்தலில் ஆளைவிடக் கூட்டணிக் கணக்கு பெரிது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் இதை அப்படியே சட்டசபைக்குப் பொருத்தக்கூடாது. அங்கே ஆள் முக்கியம். எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம்ம தொகுதி மாதிரி உதாரணம் தமிழ்நாட்டில் அபூர்வம்.

2001-ல் நயினார் நாகேந்திரன் அ.தி.மு.க.வில் முதல்தடவை நின்றார். எதிரில் தி.மு.க.வின் ஏ.எல். சுப்பிரமணியன், 1989-லும் 1996-லும் ஜெயித்தவர். வித்தியாசம் 722 ஓட்டு. நயினார் மந்திரியும் ஆனார். 2006-ல் மந்திரியை எதிர்த்து தி.மு.க. பழைய ஆளைப் போடாமல் மாலைராஜாவை நிறுத்தியது. 606 ஓட்டில் மந்திரி தோற்றார். 2011-ல் நயினார் 38,000-க்கு மேல் வித்தியாசத்தில் திரும்ப வந்தார். 2016-ல் ஏ.எல். சுப்பிரமணியனின் மகன் ஏ.எல்.எஸ். லட்சுமணன் 81,761, நயினார் 81,160. வித்தியாசம் 601! 2021-ல் நயினார் பா.ஜ.க.வில் நின்று அதே லட்சுமணனை 23,107 ஓட்டில் ஜெயித்தார். பக்கத்துப் பாளையங்கோட்டையில் 2011-ல் தி.மு.க.வின் மைதீன்கான் மார்க்சிஸ்ட் பழனியை ஜெயித்தது 605 ஓட்டில். 606, 605, 601... தாமிரபரணித் தண்ணீருக்கும் 600-க்கும் என்ன உறவோ தெரியவில்லை!

இந்தக் கணக்கை நம்ம பாஷையில் பாருங்கள். 2016-ல் முதல் இரண்டு பேரும் வாங்கியது மொத்தம் 1,62,921. அதில் 601 என்பது ஆயிரத்துக்கு நாலுகூட இல்லை. லேத்தில் அந்த அளவு பிசகினால் வொர்க்‌ஷாப் சார் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார். இன்னும் சொல்லப்போனால் 601 பேர்கூட வேண்டாம். 301 பேர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிருந்தால் முடிவே மாறியிருக்கும். நம்ம ஆடிட்டோரியத்தில் கல்ச்சுரல்ஸ் அன்று நிற்க இடமில்லாமல் நிற்கிற கூட்டம் அதைவிட அதிகம். இப்படிப்பட்ட தொகுதியில் எதிரே நிற்பவர் பழையவரா புதியவரா, எந்தப் பகுதிக்காரர், மூன்றாவதாக நிற்கிறவர் யார் ஓட்டைப் பிரிப்பார் என்பதெல்லாம் பொழுதுபோக்குப் பேச்சில்லை. நம்ம யூனியன் தேர்தலிலேயே பார்க்கிறோமே. மெக்கானிக்கலில் இரண்டு பேர் நின்றுவிட்டால் சிவில்காரன் சிரித்துக்கொண்டே சேர்மன் ஆகிவிடுகிறான்.

600-ஐ விடக் குறைந்த கதையும் நம் மாவட்டத்தில் உண்டு. 2016-ல் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை தி.மு.க.வின் அப்பாவுவை 49 ஓட்டில் ஜெயித்தார். வழக்கு ஹைகோர்ட் போனது. தபால் ஓட்டுகளில் சான்றொப்பம் போட்டவர் அதற்குத் தகுதியானவரா என்பதுதான் அதில் முக்கியமான தகராறு. அட்மிஷனுக்கு அட்டெஸ்டேஷன் வாங்க அலைந்த நமக்கு அந்த வலி தெரியும்! 2019-ல் கோர்ட் உத்தரவுப்படி தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றையும் மறுபடி எண்ணினார்கள். எண்ணிய முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. அதற்குள் அடுத்த தேர்தலே வந்து, 2021-ல் அப்பாவு ஜெயித்து சபாநாயகரும் ஆகிவிட்டார்.

அதே அப்பாவுவை வைத்து இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் 1996-ல் த.மா.கா.வில் ஜெயித்தார். 2001-ல் கட்சியே இல்லாமல் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். 2006-ல் தி.மு.க. ஆகவே, சீட்டுக் கிடைக்காத ஆள் என்றால் கணக்கிலிருந்து அடித்துவிடுகிற பழக்கம் தப்பு. சேரன்மகாதேவியில் பி.எச். பாண்டியன் 1977 முதல் 1989 வரை தொடர்ந்து நாலு தடவை ஜெயித்தார். கடைசித் தடவை கட்சி இரண்டாக உடைந்து, ஜானகி அணி தமிழ்நாடு முழுக்கப் படுதோல்வி அடைந்தபோது அந்த அணியில் நின்றே ஜெயித்தார். சொந்த ஓட்டு என்று டீக்கடையில் சொல்கிறார்களே, அது இதுதான்.

வெளியூர் ஆள், உள்ளூர் ஆள் என்ற பேச்சும் அடிக்கடி வரும். சட்டப்படி, சட்டசபைக்கு நிற்க தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். 25 வயது ஆகியிருக்கவேண்டும். பார்லிமெண்டுக்கு இந்தியாவில் எங்கே ஓட்டு இருந்தாலும் சரி. நாங்குநேரியில் 2016-ல் ஜெயித்த காங்கிரசின் வசந்தகுமார், 2019-ல் கன்னியாகுமரி எம்.பி. ஆனதும் ராஜினாமா செய்தார். இடைத்தேர்தலில் காங்கிரஸ் ரூபி மனோகரனை இறக்கியது. வெளியூர்க்காரர் என்று பேச்சு, அ.தி.மு.க.வின் ரெட்டியார்பட்டி நாராயணன் ஜெயித்தார். விஷயம் அதோடு முடியவில்லை. 2021-ல் அதே ரூபி மனோகரன் அதே தொகுதியில் ஜெயித்தார். தோற்ற பிறகும் தொகுதியைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஆளைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாதிக் கணக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். கட்சிகள் அதைப் பார்த்துத்தான் சீட்டுக் கொடுக்கின்றன, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் டீக்கடையில் வரும் அந்த நம்பர்களை நம்பாதீர்கள். எல்லாச் சாதியையும் எண்ணித் தமிழ்நாட்டுக்கு முழுக் கணக்கு வெளிவந்தது 1931-ல்தான். இன்றைய தொகுதிக்கு எவரிடமும் அதிகாரபூர்வ எண் இல்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஐந்து பேரும் அவரவர் ஆட்கள் இத்தனை ஆயிரம் என்று சொல்வதைக் கூட்டிப் பார்த்தேன். தொகுதியின் மொத்த ஓட்டை விட அதிகம் வந்தது. அதுவும் அப்போது இரண்டு பேர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

சரி, நம்பத்தக்க அறிகுறி எது? சுவர் ஒன்று. தேர்தல் வருஷத்துக்கு முந்தின வருஷம் சுண்ணாம்பு அடித்து, மூலையில் ஒரு கட்சிப் பெயரும் 'ரிசர்வ்' என்றும் எழுதியிருந்தால், அந்த வட்டச் செயலாளர் எந்தப் பக்கம் என்று விசாரியுங்கள். ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடத்தைத் தொட யார் யார் புதிதாக வருகிறார்கள் என்று பாருங்கள். கட்சி ஆபீஸில் விருப்ப மனு வாங்குகிறபோது யார் பெயரில் வாங்கினார்கள் என்று பார்த்தால் போதாது, அடுத்து நடக்கும் நேர்காணலுக்கு யாரைக் கூப்பிட்டார்கள் என்று பாருங்கள். தலைவர் பெயரிலேயே நூறு பேர் மனுக் கட்டுவார்கள், அது விசுவாசக் கணக்கு. என் அபிப்பிராயத்தில் இதையெல்லாம் விட நல்ல அறிகுறி வேறு. 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி பொங்கி ஜங்ஷனே மிதந்தபோது இடுப்பளவுத் தண்ணீரில் வந்தது யார், தண்ணீர் வடிந்தபிறகு கேமராவோடு வந்தது யார் என்பது ஆற்றங்கரைக்காரர்களுக்குத் தெரியும். அது எந்தப் பேப்பரிலும் வராத பட்டியல்.

கடைசியில் எல்லாம் ஒரு காகிதத்தில் வந்து நிற்கும். அரசிதழில் அறிவிக்கை வந்த ஏழாம் நாளோடு மனுத் தாக்கல் முடியும். மறுநாள் பரிசீலனை. அதற்கு இரண்டாம் நாள் வாபஸ் கெடு. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கு அந்தத் தொகுதி வாக்காளர் பத்துப் பேர் வேண்டும். டெபாசிட் சட்டசபைக்கு 10,000 ரூபாய், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 5,000. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் அது அரசாங்கத்துக்கு. கட்சிச் சின்னம் வேண்டுமென்றால் ஏ படிவம், பி படிவம் என்று இரண்டு உண்டு. பி படிவத்தில்தான் 'இவரே எங்கள் வேட்பாளர்' என்று கட்சி எழுதித்தரும். மாற்று வேட்பாளர் பெயரும் அதில் இருக்கும். மனுத் தாக்கலின் கடைசி நாள் மதியம் 3 மணிக்குள் அது தேர்தல் அதிகாரி கைக்குப் போய்ச் சேரவேண்டும். அதனால்தான் மனுவை முன்னாலேயே போட்டுவிட்டு பி படிவத்துக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. 2021 மார்ச்சில் பா.ஜ.க. பட்டியல் வெளிவரும் முன்பே நயினார் நாகேந்திரன் இங்கே மனுத் தாக்கல் செய்தார். பட்டியல் பிறகுதான் வந்தது. டீக்கடையில் யாராவது "அவருதான்" என்று அடித்துச் சொன்னால், "பி பாரம் வந்தாச்சா அண்ணாச்சி?" என்று கேளுங்கள். உங்களுக்கு உடனே மரியாதை கூடும்.

வாபஸ் கெடு வரை இன்னொன்றையும் பார்க்கவேண்டும், அதாவது ஒரே பெயர்க்காரர்கள். 2024-ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் மனுப்போட்டார்கள். லட்சக்கணக்கு வித்தியாசமுள்ள தொகுதியில் அது தமாஷ். 601 தொகுதியில் அப்படி ஒரு பெயரொத்தவர் வந்தால் ஐந்து வருஷக் கணக்கே மாறிப்போகும்.

மனுவோடு 26-ஆம் எண் படிவத்தில் சொத்து, கடன், படிப்பு, வழக்கு எல்லாம் பிரமாணமாக எழுதிக்கொடுக்கவேண்டும். 2002, 2003-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளால் வந்த உரிமை இது. தேர்தல் கமிஷன் அதை வெளியிடும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் அது வரும்போது ஆள் முடிவாகிவிட்டிருக்கும். நான் சொல்கிற விஷயமே அங்கேதான். பெயர்கள் அடிபடுகிற காலத்தில், சீட்டுக்காக எல்லோரும் எல்லோருக்கும் கும்பிடு போடுகிற அந்த ஆறு மாதத்தில், நாம் ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆற்றில் சாக்கடை கலப்பதைப் பார்க்க 2024 நவம்பரில் ஹைகோர்ட் மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து போனார்கள். அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்? நாங்குநேரி சிறப்புப் பொருளாதார மண்டலம் எத்தனை தேர்தலுக்குப் பேச்சாகவே இருக்கும்? கங்கைகொண்டான் சிப்காட் கம்பெனிகளில் உள்ளூர் டிப்ளமாக்காரனுக்கு அப்ரண்டிஸ் இடம் எத்தனை? சீட்டு உறுதியான ஆள் இதற்கு 'பார்க்கலாம் தம்பி' என்பார். சீட்டு உறுதியாகாத ஆள் நம்பரை எழுதிக்கொண்டு போவார். எழுதிக்கொண்டு போனதை ஞாபகப்படுத்த நமக்கு ஓட்டு இருக்கவேண்டும்.

அங்கேதான் நம்மில் பாதிப்பேர் கோட்டை விடுகிறோம். 18 வயது ஆனவர்கள் 6-ஆம் எண் படிவம் கொடுக்கவேண்டும். முன்பெல்லாம் ஜனவரி 1 ஒன்றுதான் கணக்கு. 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நாலு மாதத்தின் முதல் தேதியும் தகுதித் தேதி. 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம். ஹாஸ்டல் நண்பர்கள் ஊரிலோ இங்கேயோ ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் பெயரைச் சேர்க்கலாம். இங்கே என்றால் இந்தக் கல்லூரியில் படிப்பதாகப் பிரின்சிபால் கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும். ஆபீஸில் கேட்டால் கொடுப்பார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போகாதீர்கள், சீல் இருக்கிற பீரோவைப் பூட்டிவிடுவார்கள்.